ஒரே பெட்டியில் மூன்று வீட்டுக் குஞ்சுகள்

பங்குனி பிறந்து பகல் நீளத் தொடங்கியதும் பிரித்தானியாவில் எம்மவர் வாழும் பல வீடுகளின் பின்வளவுகளில் கோழிக்குஞ்சுகளின் கீச்சொலி கேட்கத் தொடங்கிவிடும். வந்த புதிதில் ஓர் அறையில் ஐவர் அறுவராகக் காலந்தள்ளியோர் நாளடைவில் நாற்பது அடித் தோட்டமொன்றுக்கு உரியவராகி, முதலில் வெந்தயக் கீரையும் பின்னர் கறிவேப்பிலைச் சட்டியும் வைத்துப் பார்த்து, இறுதியில் கோழிக்கூட்டில் வந்து நிற்பது ஏறத்தாழ ஒரு நியதியாகவே ஆகிவிட்டது. ஊரிலிருந்து வந்து சேர்ந்த தாய் தந்தையருக்கு, மொழி புரியாத நாட்டில் நீண்ட பகலைக் கழிக்க இதனிலும் நல்ல துணை வாய்ப்பது அரிது. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ முட்டை கடைப்பெட்டியிற் பிறப்பதன்று என்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு.

சிக்கல் தொடங்குவது குஞ்சு தேடும் முறையில். ஊரில் அயல் வீட்டுப் பேடு பொரித்தால் அதிலிருந்து நாலு குஞ்சு வரும். அதற்கு மேல் தேட்டமில்லை. இங்கு வழிகள் பல. குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் ஆறு ஒருநாட் குஞ்சுகள் வாங்கலாம். தபாலில் முட்டை தருவித்து மேசையளவு மின்பொறியில் அடைவைக்கலாம். நண்பர் ஒருவர் தமது தோட்டத்துப் பேட்டின் குஞ்சுகளில் மூன்றைக் கொடுப்பார். வார இறுதி ஏலச்சந்தையிலும் கிடைக்கும். ஆர்வம் மிகுந்த குடும்பமொன்று இவற்றில் மூன்று வழிகளையும் ஒரே கிழமையில் நாடி, கிடைத்த அனைத்தையும் ஒரே பெட்டியில் ஒரே விளக்கின் கீழ் விடுகிறது. மஞ்சளும் கபிலமுமாய் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உறங்கும் காட்சியில் எது யார் வீட்டுப் பிள்ளை என்று எவராலும் கூறவியலாது. பார்ப்பதற்கு இனிய காட்சிதான்.

சில கிழமைகளில் அவற்றிற் பாதி இல்லாமற் போவதும் உண்டு. குளிர் என்பர், தீனி சரியில்லை என்பர், பக்கத்து வீட்டார் கண் என்பர். உண்மைக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரே பெட்டிதான்.

மூன்று நாட் சொந்தம்

வெவ்வேறிடத்துக் குஞ்சுகளைக் கலப்பதற்கு மிக இலகுவான காலம் எது எனில், அவை பொரித்த முதல் மூன்று நாட்களே. இது எமது பாட்டிமார் அறிந்திருந்த ஒன்று. ஒரே கிழமையில் இரண்டு பேடுகள் பொரித்தால், ஒன்றின் குஞ்சுகளை இரவில் எடுத்து மற்றதன் செட்டைக்கடியில் மெல்லச் செருகிவிடுவார்கள். பேடு எண்ணிப் பார்ப்பதில்லை. இருட்டில் வந்து சேர்ந்த குஞ்சு விடிந்ததும் அதன் சொந்தக் குஞ்சு. ஆனால் ஒரு கிழமை வயதான குஞ்சைப் பட்டப்பகலில் கொண்டுபோய் விட்டால் அதே பேடு கொத்தி விரட்டும். குஞ்சும் அதனிடம் அண்டாது.

இதனைப் பரிசோதனையாகச் செய்து எழுதிவைத்தவர் டக்ளஸ் ஸ்போல்டிங் என்பவர். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் கூரைகளுக்குக் கற்பலகை வேய்ந்து பிழைத்தவர். பல்கலைக்கழக விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்க அனுமதி பெற்றவர். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் பேராசிரியர்கள் காணாததைக் கண்டார் என்பதை, விரிவுரை மண்டபத்தில் சில ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். முட்டையிலிருந்து வெளிவரும் தறுவாயிலேயே குஞ்சுகளின் தலைக்குச் சிறு முகமூடி அணிவித்து, வெவ்வேறு நாட்களில் அதனைக் கழற்றினார். இரண்டு மூன்று நாட்களுக்குள் கண் திறந்தவை அவர் பின்னால் ஓடிவந்தன. ஏறத்தாழ நான்கு நாட்கள் மூடி வைக்கப்பட்டவை கண் திறந்ததும் அவரைக் கண்டு அஞ்சி ஓடின. 1873ஆம் ஆண்டு ஆங்கில இதழொன்றில் வெளிவந்த அவரது கட்டுரை நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1935இல் ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதே விடயத்தை விரித்தெழுதிய பின்னரே உலகம் இதனை உற்று நோக்கியது.

ஆக, குஞ்சின் உள்ளத்தைப் பொறுத்தவரை முதல் மூன்று நாட்களில் அந்நியர் என்று எவரும் இல்லை. அதன் உடலைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. குஞ்சின் நோயெதிர்ப்பு சக்தி மிகக் குறைந்திருப்பதும் அந்நாட்களிலேயே. உறவுக்கு மிக உகந்த காலமே தொற்றுக்கும் மிக உகந்த காலமாக இருப்பதுதான் இவ்விடயத்தின் முடிச்சு.

அடுப்புகளும் தபாற் பெட்டிகளும்

மனிதர் இம்முடிச்சை அறிந்துகொண்டது பெரும் இழப்புகளின் பின்னரே. பல வீட்டு முட்டைகளை ஓரிடத்திற் சேர்த்துப் பொரிக்கும் வழக்கம் எகிப்தில் மிகத் தொன்மையானது. மண்ணாற் கட்டிய பெரிய அடுப்பு மனைகளுக்குச் சுற்றுப்புறக் கிராமத்தவர் முட்டைகளைக் கொண்டுவருவர். 21 நாட்களின் பின் குஞ்சுகளைப் பெற்றுச் செல்வர். எவர் முட்டை எவர் குஞ்சாயிற்று என்பது எவருக்கும் தெரியாது. அறிவியலாளர் ரெயோமூர் 1749இல் இம்முறையை ஐரோப்பியருக்கு விளக்கி ஒரு நூலே எழுதினார்.

ஐரோப்பாவின் குளிரில் அது வேரூன்றவில்லை. வேரூன்றியது அமெரிக்காவில். 1879இல் கலிபோர்னியாவின் பெற்றலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் வெப்பத்தைச் சீராகப் பேணும் பொறியொன்றை உருவாக்கினார். முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்னர் குஞ்சு மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதியைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு மூன்று நாட்கள் தீனியும் நீருமின்றி உயிர் வாழ வல்லது. இயற்கையின் இவ்வேற்பாடு முதலிற் பொரித்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருப்பதற்கானது. அமெரிக்கரோ இதனைத் தபாலுக்குப் பயன்படுத்தினர். 1918 முதல் அந்நாட்டுத் தபாற்சேவை ஒருநாட் குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் கொண்டு செல்லத் தொடங்கியது.

கூடவே சென்றது புல்லோரம் எனப்படும் கழிச்சல் நோய். லியோ ரெட்கர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்குரிய கிருமியைக் கண்டறிந்திருந்தார். இதன் சூழ்ச்சி விசித்திரமானது. நோயிலிருந்து பிழைத்த பேடு திடகாத்திரமாகத் தோன்றும், முட்டையும் இடும். கிருமியோ அதன் சூலகத்திற் குடியிருந்து முட்டையினுள்ளேயே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். நூறு பண்ணைகளின் முட்டைகள் ஒரே பொறியில் இருக்கையில் ஒரு முட்டை நோயோடு பொரித்தாலும் போதும். உலரும் குஞ்சின் மென்தூவி காற்றிற் பறந்து ஏனைய குஞ்சுகளின் மூச்சில் கலக்கும். பின்பக்கத்தில் வெள்ளை எச்சம் ஒட்டிக் காய்ந்த நிலையில், இரண்டு மூன்று கிழமைகளுக்குள் குஞ்சுகள் கூட்டங் கூட்டமாக மாண்டன. எமது வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்குவது இதனையன்று. ராணிக்கெட் நோயையே அவ்வாறு கூறுவர்.

மருந்தால் இதனை வெல்ல முடியவில்லை. குஞ்சின் நோயைத் தாயின் இரத்தத்தில் தேடியபோதே வழி பிறந்தது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ், இனப்பெருக்கக் கோழிகளின் இரத்தம் சோதிக்கப்பட்டு நோய் காவிகள் நீக்கப்பட்டன. வணிகப் பண்ணைகளில் இந்நோய் இன்று அரிதாகிவிட்டதற்கு அதுவே காரணம். குஞ்சு நன்றாக இருக்கிறதா என்பதிலும் பார்க்க அதன் தாய் சோதிக்கப்பட்டவளா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. ஏலச்சந்தையில் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

சமையலறைக் குஞ்சும் தோட்டத்துக் குஞ்சும்

லண்டனின் வடமேற்குப் புறநகர் ஒன்றில் எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. வடமராட்சியிலிருந்து வந்த அம்மம்மாவே அவ்வீட்டின் கோழிகளுக்கு அதிகாரி. ஒரு வைகாசி மாதம் அவரது கறுத்தப் பேடு தோட்டத்துக் கூட்டில் ஆறு குஞ்சுகள் பொரித்தது. அதே கிழமை பேரனின் பிறந்தநாளுக்கென நிலையமொன்றிலிருந்து ஆறு ஒருநாட் குஞ்சுகள் வந்தன. இவை சமையலறை மூலையில், மின்விளக்கின் வெதுவெதுப்பில், ஒரு நாளைக்கு மும்முறை மாற்றப்படும் தாள்விரிப்பின் மேல் வளர்ந்தன. அவ்வளவு சுத்தம். ஐந்தாம் கிழமை வெயில் கண்டதும் அவற்றைத் தோட்டத்திற் பேட்டின் குஞ்சுகளோடு சேர்த்துவிட்டார்கள். பெரிய சண்டை எதுவுமில்லை. இரு பகுதியினரும் ஒரே தட்டிற் கொத்தித் தின்பதைப் பிள்ளைகள் படம் பிடித்தனர்.

ஆறாம் நாள் சமையலறைக் குஞ்சுகள் இறகு சிலிர்த்து, கண் மூடி, ஒரு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் இரத்தம் கண்டது. இரண்டு நாட்களில் நான்கு இறந்தன. பேட்டின் குஞ்சுகள் ஆறில் ஒன்றுக்கேனும் நோவில்லை. நாவூறு என்றார் அம்மம்மா. கடைக் குஞ்சுக்கு உரமில்லை என்றும் கூறினார். முதற் கூற்றை விடுவோம். இரண்டாவதில் உண்மையின் ஒரு சாயல் உண்டு.

மிருக வைத்தியர் எச்சத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்துச் சொன்னது கொக்சிடியோசிஸ் என்னும் இரத்தக் கழிச்சல். எய்மேரியா என்ற நுண்ணுயிரி குடற்சுவரைத் துளைத்துப் பெருகுவதால் உண்டாவது. கோழியைத் தாக்கும் இனங்கள் ஏழு என்பது வழக்கமான கணக்கு. கோழி நடமாடும் மண்ணில் இதன் முட்டைபோன்ற கூடுகள் அநேகமாக எங்குமுண்டு. சாதாரணக் கிருமிநாசினிக்கு அவை அசைவதில்லை. ஆனால் எச்சத்தோடு வெளிவந்தவுடன் அவை தொற்றுவதில்லை. வெப்பமும் ஈரமும் காற்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாட்கள் கழிந்த பின்னரே தொற்றும் ஆற்றல் பெறும்.

தோட்டத்துக் குஞ்சுகள் தாயின் பின்னே திரிந்து முதல் நாளிலிருந்தே இதனைச் சிறுகச் சிறுக உண்டு, சிறுகச் சிறுக எதிர்ப்பைத் தேடிக்கொண்டன. மும்முறை தாள் மாற்றப்பட்ட சமையலறையில் அக்கூடுகள் முதிர இடமே இருக்கவில்லை. ஐந்து கிழமை வயதில் அக்குஞ்சுகள் இந்நோயைப் பொறுத்தவரை பிறந்த நாளில் எப்படியோ அப்படியே இருந்தன. பின்னர் ஒரே நாளில் பெருந்தொகையை விழுங்கின. சுத்தம் தவறன்று, சுத்தமான பெட்டியிலிருந்து பழைய மண்ணுக்கு இடைநிலை ஏதுமின்றி இறக்கியதே ஆபத்து.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் எய்மேரியா இனத்துக்குப் பெற்ற எதிர்ப்பு மற்றோர் இனத்தைத் தடுக்காது. எனவே நண்பரின் தோட்டத்திலிருந்து வரும் குஞ்சு, உமது தோட்டம் அறியாத இனமொன்றைக் காவி வரலாம். தான் நலமாக இருந்துகொண்டே உமது குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம். யார் பக்கம் உரம், யார் பக்கம் நோய் என்று பிரித்துப் பேசுவது இங்கு பொருந்தாது. ஒவ்வொரு வளவுக்கும் அதனதன் கிருமி. அவ்வளவிற் பிறந்ததற்கு அதனதன் காப்பு.

எஞ்சிய இரண்டு குஞ்சுகளுக்கும் அம்புரோலியம் என்ற மருந்து நீரிற் கலந்து கொடுக்கப்பட்டது, ஒன்று பிழைத்தது. இம்மருந்து உயிர்ச்சத்து பீ1ஐ ஒத்த உருவமுடையது. கிருமி அதனை உயிர்ச்சத்தென நம்பி உண்டு பட்டினி கிடக்கிறது. ஆகவே மருந்து கொடுக்கும் நாட்களில் தெம்புக்கென்று அதே உயிர்ச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பது மருந்தைக் கெடுப்பதாகும். இரக்கத்தால் இவ்வாறு செய்வோர் பலர்.

நிலையங்கள் சில, உயிருள்ள கிருமியை அளவோடு தெளித்து ஒருநாட் குஞ்சுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பு மருந்து கொடுக்கின்றன. அவ்வாறு தடுப்புப் பெற்ற குஞ்சுகளை, பெறாதவற்றோடு சேர்த்து மருந்து கலந்த தீனியிட்டு வளர்த்தால், தீனியிலுள்ள மருந்து அந்தத் தடுப்பை அழித்துவிடும். இரு வழிக் குஞ்சுகளை ஒரே தட்டில் உண்பிக்க முன்னர் விற்றவரிடம் இதனைக் கேட்டறிவது அவசியம். பெட்டிக்குள் தோட்டத்து மண் ஒரு பிடியை அள்ளிப் போட்டுப் பழக்குவோரும் உளர். அளவு தெரியாத மருந்து அது. நான் சொல்லத் துணியேன்.

நோயை மறைக்கும் தடுப்பூசி

மாரெக் நோயில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மிருக வைத்தியப் பேராசிரியராக விளங்கிய யோசெவ் மாரெக் 1907இல் இதனை விபரித்தார். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டியபடி கோழி விழுந்து கிடக்கும். ஒரு செட்டை தொங்கும். உள்ளே நரம்புகளிலும் ஈரலிலும் கட்டிகள். காரணமான வைரஸ் இறகின் வேரில் முதிர்ந்து, உதிரும் தோற்பொடியோடு காற்றிற் கலக்கிறது. அத்தூசியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் ஹோட்டன் ஆய்வு நிலையத்தில் வைரஸ் இனங்காணப்பட்டது. தடுப்பூசியும் அங்கு உருவாகியது. புற்றுநோயொன்றைத் தடுத்த முதல் தடுப்பூசி என்ற பெருமை இதற்குண்டு.

ஆனால் இத்தடுப்பூசி நோயைத் தடுக்கிறதேயன்றித் தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி பெற்ற கோழிக்கும் வைரஸ் தொற்றும். அது நோயுறாமல் உலவிக்கொண்டே வைரஸை வெளியிடும். ஊசியின் பாதுகாப்பில் வாழ்ந்த கோழிகள் மிகக் கொடிய வைரஸ் வகைகளை நெடுநாள் பரப்ப வல்லன என்பதை 2015இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஊசியின்றேல் அக்கொடிய வகைகள் தாம் தொற்றிய கோழியோடு சேர்ந்து விரைவில் மடிந்திருக்கும்.

இதிலிருந்து கலப்புக் கூட்டத்துக்குப் பிறக்கும் விளைவு தெளிவானது. நிலையத்துக் குஞ்சு ஊசி பெற்று வரும். வீட்டுப் பொறியிற் பொரித்தது பெறாது; ஏனெனில் இம்மருந்து வழக்கமாக ஆயிரம் குஞ்சுகளுக்கான குப்பிகளில் விற்கப்படுவது, கரைத்தபின் ஓரிரு மணி நேரமே நிற்பது. ஆறு குஞ்சுகளுக்காக அதனை வாங்குவோர் அரிது. இவ்விரண்டையும் பழைய கோழிகள் உலவும் வளவில் ஒன்றாக விட்டால், சில மாதங்களின் பின் விழுவது ஊசி பெறாதது. ஊசி பெற்றதும் முதல் ஒன்றிரண்டு கிழமைகள் பாதுகாப்பற்றதே. ஊசி ஏறி எதிர்ப்பு முதிர அத்துணை நாட்கள் வேண்டும். அக்காலத்தில் பெரிய கோழிகளின் தூசி அதனை அணுகலாகாது. பெட்டியைத் தொட முன்னர் பழைய கூட்டுக்குப் போய்வந்த சப்பாத்தையும் மேலங்கியையும் மாற்றுவது வீண் சடங்கன்று.

வேறு நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மைக்கோபிளாஸ்மா என்ற சளிநோய் முட்டை வழியாகவும் மூச்சு வழியாகவும் பரவும், கண்ணில் நுரைக்கும், தேறிய கோழியும் ஆயுள் முழுவதும் காவியே. ஊரில் நாமறிந்த ராணிக்கெட் நோயை ஆங்கிலேயர் தமது நியூகாசில் நகரின் பெயரால் அழைக்கின்றனர். 1926இல் அந்நகரருகே கண்டதால் ஒரு பெயர், அதனை அடுத்து இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் கண்டதால் மற்றையது. வான்கோழிக் குஞ்சைக் கோழியோடு வளர்க்கவே கூடாது. கோழி தாங்கிக்கொள்ளும் ஒரு குடற்கிருமி வான்கோழியின் ஈரலை அழிக்கும்.

என்ன செய்யலாம்?

எனது கருத்து, ஒரே இடத்திலிருந்து ஒரே நாளிற் பொரித்த குஞ்சுகளை மாத்திரம் வாங்குவதே முதல் வழி. பெரும் பண்ணைகள் இதனையே கடைப்பிடிக்கின்றன. ஒன்றாக நுழைந்தவை ஒன்றாகவே வெளியேறும். இடையில் எதுவும் சேர்வதில்லை. அடுத்த கூட்டம் வருமுன் இடம் கழுவி வெறுமையாக விடப்படும். பண்ணை முதலாளிகளின் வேறு பழக்கங்கள் எதனையும் நான் பின்பற்றச் சொல்லமாட்டேன், இதனைச் சொல்வேன்.

இரு வழிகளில் வந்தேதான் தீருமெனில், அவை இரண்டும் சோதிக்கப்பட்ட தாய்க்கோழிகளின் ஒருநாட் குஞ்சுகளாகவும் ஒரேவகைத் தடுப்பூசி பெற்றவையாகவும் இருப்பின், முதல் மூன்று நாட்களுக்குள் தயங்காது சேர்த்துவிடலாம். மூன்று நாட்களுக்கு மேற்பட்ட வயது வித்தியாசம் நன்றன்று. பெரியது சிறியதை மிதிக்கும், தீனித்தட்டை மறைக்கும். வெப்பத் தேவையும் வேறுபடும். முதற் கிழமைக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வேண்டும். பின்னர் கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைக்க வேண்டும். ஒரு மாத வயதினதும் ஒரு நாள் வயதினதும் ஒரே விளக்கின் கீழ் வாழ முடியாது. வெப்பமானியிலும் பார்க்கக் குஞ்சுகளே நம்பத்தக்கவை. விளக்கடியில் நெருங்கிக் கத்தினால் குளிர்; ஓரங்களுக்கு ஓடி வாய் திறந்தால் சூடு.

ஒரு பகுதி தோட்டத்திலோ சந்தையிலோ இருந்து வந்ததாயின் முதல் மூன்று நாட் சொந்தத்தை மறந்துவிடுவதே நன்று. இரண்டு பெட்டிகள், இரண்டு தண்ணீர்ப் பாத்திரங்கள், இயன்றால் இரண்டு அறைகள். சந்தைக் குஞ்சை ஒவ்வொரு நாளும் இறுதியாகவே கவனிக்க வேண்டும். நான்கு கிழமைகள் அவ்வாறு கழியட்டும். அவற்றுள் நோய் தென்படாவிடில், தோட்டத்தின் ஒரு மூலையில் கம்பிவலையால் மறித்து, ஒன்றையொன்று பார்க்கவும் ஆனால் கொத்த முடியாமலும் ஒரு கிழமை வைக்கலாம். அம்மூலை காய்ந்த நிலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு மணி நேரம், பின்னர் அரை நாள் என்று நிலத்துக்குப் பழக்குவது சமையலறைக் குஞ்சுகளுக்கு நேர்ந்ததைப் பெருமளவு தவிர்க்கும். இரத்தம் கண்ட அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். மறுநாளுக்கு ஒத்திவைக்க இந்நோய் இடந்தராது.

தனிமைப்படுத்தல் என்ற சொல் எம்மிற் பலருக்கு இனிய நினைவுகளைத் தருவதன்று. கோழிக்குஞ்சின் கதையை மனிதர்மேல் ஏற்றிப் பேசுவோரை நான் கண்டிருக்கிறேன். வெவ்வேறிடத்து மாந்தர் ஒன்றாக வாழ்வது நோய் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் உவமை வேண்டியிருக்கிறது. எய்மேரியாவுக்கு அரசியல் தெரியாது. அதனைத் தோட்டத்தோடு விட்டுவிடுவோம்.

ஊரிலும் இதற்கோர் ஏற்பாடு இருந்தது. சந்தையில் வாங்கிய கோழியை நேரே கூட்டில் விடுவதில்லை. காலிற் கயிறு கட்டி மாமரத்தடியிலோ வேலியோரத்திலோ சில நாள் வைப்பார்கள். சிறியதாயின் கரப்பின் கீழ் மூடுவார்கள். பழைய வீட்டுக்கு ஓடிப்போகாமல் இடம் பழகட்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். நோயுற்ற கோழி தூங்கி விழுவது அந்நாட்களில் வெளிப்பட்டுவிடும் என்பது சொல்லப்படாத பயன். இங்கு வேலி உயரமாக இருப்பதால் கோழி ஓடாது என்று கயிற்றைக் கைவிட்டோம். பயனும் அதோடு போயிற்று.

கொத்தும் ஒழுங்கு

நோயின்றி வளர்ந்த இரு கூட்டங்களுக்கும் ஒரு சோதனை மீதமிருக்கிறது. நோர்வேயில் வாழும் வாசகர்களுக்கு இது அண்டை வீட்டுச் செய்தி. தோர்லைவ் ஷெல்டெரூப் எப்பே என்ற நோர்வேக்காரர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் குறிப்பெடுத்து வந்தவர். எக்கோழி எதனைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்ற வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டென 1921இல் எடுத்துரைத்தார். இவ்வரிசை குஞ்சுப் பருவத்தில் இல்லை. முதற் சில கிழமைகளில் நடக்கும் மோதல்கள் விளையாட்டே. ஆறாம் கிழமையிலிருந்து பத்தாம் கிழமைக்குள் அது இறுகத் தொடங்கும். எனவே தனித்தனியே வளர்த்தவற்றை இணைக்க ஐந்தாம் ஆறாம் கிழமையே பொருத்தம். அதற்கு மேல் தாமதித்தால் இரத்தம் பார்க்க நேரும். இணைக்கும்போது இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில் இணைப்பது நல்லது. ஒரு தட்டுக்கு மூன்று தட்டு வைக்க வேண்டும். ஒரேயொரு குஞ்சை ஒரு கூட்டத்துள் தனியே விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. குறைந்தது இரண்டாகவேனும் விடவேண்டும்.

சட்டம் சார்ந்த சில விடயங்களையும் எம்மவர் பலர் அறிந்திருக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் 2024 செப்ரெம்பர் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 ஒக்ரோபர் 1 முதலும், ஒரு கோழி வளர்ப்பவரும் அதனைப் பதிவுசெய்ய வேண்டும். முன்னர் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளை வைத்திருந்தோருக்கே இக்கடமை இருந்தது. பறவைக் காய்ச்சல் பரவினால் அறிவித்தல் அனுப்பவே இப்பதிவு. 2022 நவம்பரில் இங்கிலாந்து முழுவதும் கோழிகளை உள்ளே அடைத்து வைக்குமாறு உத்தரவு பிறந்ததைப் பலர் அயலவர் சொல்லியே அறிந்தனர். படிவம் என்றதும் அஞ்சும் பழக்கம் எமக்குண்டு. அதற்குக் காரணங்களும் உண்டு. ஆயினும் இது கோழியைப் பற்றிய படிவம்.

மற்றொன்று, மிஞ்சிய சோறு. 2001ஆம் ஆண்டின் கால்வாய் நோய்ப் பேரழிவின் பின்னர் பிரித்தானியாவில் சமையலறைக் கழிவைக் கோழிக்கு இடுவது சட்டவிரோதம். இறைச்சி சமைக்காத வீடாயினும் பாலும் முட்டையும் புழங்குமாயின் இதே தடை. தோட்டத்திலிருந்து நேரே பறித்த கீரையைக் கொடுக்கலாம்; அதனைச் சமையலறைக்குள் கொண்டுபோய் நறுக்கி எடுத்து வந்தால் கொடுக்கலாகாது. அம்மம்மாமாருக்கு இதனை விளங்கப்படுத்துவது எளிதன்று. குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சும் சிறுவர்க்கு சல்மனெல்லா தொற்றும் ஆபத்தும் உண்டு. 1998 முதல் சிங்க முத்திரை முட்டைகளுக்கான கோழிகளுக்கு அதற்கெதிரான தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. வீட்டுப் பொறியிற் பொரித்ததற்கு அது கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்டோர் குஞ்சைத் தொட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கை கழுவ வைக்க வேண்டும்.

இறுதியாகச் சேவல். நிலையத்திற் பேட்டுக் குஞ்சென்று பிரித்துத் தருவார்கள். பொறியிலும் பேட்டின் கீழும் பொரிப்பவற்றிலோ ஏறத்தாழப் பாதி சேவலாகும். மூன்றாம் நான்காம் மாதத்தில் அதிகாலை நாலரை மணிக்கு முதற் கூவல் எழும்பும். மறுவாரம் நகரசபையின் கடிதம் வரும். முட்டையைப் பொறியில் வைக்க முன்னரே அச்சேவல்களை ஏற்க நாட்டுப்புறத்தில் எவரேனும் உளரா என்று விசாரித்து வைப்பது நன்று. ஏலச்சந்தைக்கு அவற்றைக் கொண்டுபோய் விற்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப மனமின்றி மூன்று புதிய குஞ்சுகளை வாங்கிவருவதையும் கண்டிருக்கிறேன்.